சத்தம் போடும் சட்டை

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நான், என் இரண்டு மெஷின், பட்டனுக்குக் காஜா எடுக்கும் பெண் எல்லோரும் சௌக்கியம். முட்டிவலி மட்டும் இருக்கிறது. அது பழைய வாடிக்கையாளர், வேறு கடைக்குப் போகாது. அங்கே நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

தம்பி பெண்டாட்டி என்று முழ நீளத்துக்கு எழுதுவதைவிடத் தங்கச்சி என்று எழுதுவது சுலபம், கோபித்துக்கொள்ளாதே. போன் போடலாம்தான். போட்டால் உன் புருஷன் எடுத்து ‘ம்’, ‘ம்ம்’, ‘சரிக்கா’ என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறான். நாள் முழுக்க லேத் பட்டறையில் இரும்போடு இருந்து இருந்து மனுஷரோடு பேசுவது மறந்துவிட்டது போலிருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் பிள்ளை, நம் பம்பரத்துக்கு ஆறு வயது ஆகிறதே, சும்மா இருப்பேனா? நீ அனுப்பிய அளவை வைத்து ஒரு சட்டை தைத்திருக்கிறேன். வான நீலம். காலருக்குள் இரண்டு மடிப்பு கேன்வாஸ் வைத்திருக்கிறேன், சட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாலும் காலர் தானாக நிற்கும். மூடி வைத்த பாக்கெட் இரண்டு. கழுத்தில் என் கடை லேபிளை நாலு பக்கமும் அடித்திருக்கிறேன், ஜென்மத்துக்கும் பிரியாது. கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி அட்டை மாதிரி மடித்து அனுப்புகிறேன். கசங்காமல் எடு.

இரண்டு வயதில் பார்த்த பிள்ளை. கடையைப் போட்டுவிட்டு வர முடியவில்லை, வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சட்டையைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டுவதற்கு இடம் பார்த்து ஆணியும் அடித்துவிட்டேன்.

எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

சட்டை வந்தது. நிறம் அவ்வளவு அழகு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அளவு கச்சிதம். அவனும் போட்டுப் பார்த்தான்.

இங்கே தை முடிவதற்குள்ளேயே ஒரு வாரமாக வெயில் கொளுத்துகிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. எங்கள் தெருவைத் தோண்டிப்போட்டு மூடாமல் விட்டிருக்கிறார்கள், சைக்கிள்காரர்கள் பாடு திண்டாட்டம். உங்கள் தம்பிக்கு வேலை அதிகம்.

பம்பரம் பாலர் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறான். மிஸ் அவனைப் பற்றி அடிக்கடி என்னிடம் பேசுகிறார். ஓர் இடத்தில் உட்காரமாட்டான், உங்களுக்குத் தெரிந்ததுதானே, பம்பரம் என்று பெயர் வைத்ததே நீங்கள்தான்.

போட்டோ சீக்கிரம் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி


பிப்ரவரி 18

அன்புத் தங்கச்சிக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெயிலுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, தோண்டின தெருவுக்கு எல்லாம் இடம் கொடுத்திருக்கிறாய். பிள்ளை நாலே வரியில் முடிந்துவிட்டான். எனக்கு உங்கள் தெருவைப் பற்றி என்ன கவலை? அவன் சட்டை போட்டதும் என்ன சொன்னான், கண்ணாடியில் பார்த்தானா, பாக்கெட்டில் எதைத் திணித்தான், அதை எழுது.

ஆணி காலியாக நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் காலண்டர் மாட்டவா என்று கேட்கிறார்கள். காஜாக்காரி கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒரு போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குறை ஒன்றும் இல்லை.

போட்டோ இத்துடன் இருக்கிறது. கேமராவைப் பார்த்து நிற்கமாட்டேன் என்கிறான். ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்க்கும்போது பின்பக்கமிருந்து எடுத்தேன். முகம் தெரியவில்லையே என்று நினைக்க வேண்டாம். சட்டை நன்றாகத் தெரிகிறது, காலர் எப்படி நிற்கிறது பாருங்கள்.

அவசரமாக எழுதுகிறேன், அவன் கூப்பிடுகிறான்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி


மார்ச் 16

தங்கச்சிக்கு,

உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

போட்டோ வந்தது. மாட்டலாம் என்று ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அது நம் பிள்ளை இல்லை.

பொய் சொல்லாதே. தோளுக்கு நான் பத்தரை அங்குலம் வெட்டினேன். போட்டோவில் இருக்கிற பிள்ளைக்குத் தோள் தையல் கை மேல் இறங்கிக் கிடக்கிறது. அவனுக்கு ஒன்பதரைதான் இருக்கும். அதோடு நம் வீட்டு ஆண்களுக்கு இடது தோள் கொஞ்சம் தூக்கல். அப்பாவுக்கு அப்படி, என் தம்பிக்கு அப்படி, இரண்டு வயதிலேயே பம்பரத்துக்கும் பார்த்தேன். அதற்குத் தகுந்த மாதிரிதான் வெட்டியிருந்தேன். அந்தப் பிள்ளை முதுகில் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. முகத்தை மறைத்தால் எனக்குத் தெரியாதா?

கோபம் இல்லை. வந்தது, போய்விட்டது. இப்போது பயமாக இருக்கிறது. பிள்ளைக்கு என்ன ஆச்சு? விழுந்து கிழுந்து அடிபட்டுக் கிடக்கிறானா? காட்ட முடியாத நிலையில் இருக்கிறானா? மூன்று நாளாக வெட்டுகிற துணியெல்லாம் கோணலாகப் போகிறது. எதுவானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: பம்பரத்துக்கு அடி ஒன்றும் படவில்லை. காய்ச்சலும் இல்லை. கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இந்த நிமிஷம் சோபாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து எனக்கு அரை மணி நேரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்களை ஒரு மாதம் தவிக்க விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். போட்டோவில் இருந்தது மேல்வீட்டு எலெக்ட்ரீஷியனின் மகன். அந்தப் பிள்ளையை ஒரு பலூன் கொடுத்து நிற்க வைத்தேன். வெட்கமாக இருக்கிறது அண்ணி.

உங்கள் சட்டையை அவன் போட்டது நாலு நிமிஷம். முதல் நிமிஷத்தில் கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அப்புறம் கழுத்தைப் பிறாண்ட ஆரம்பித்தான். பட்டனைக் கழற்றுவதற்குள் ரத்தம் வந்துவிட்டது. சட்டையை வீசிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. உங்கள் சட்டை மட்டும் இல்லை. எந்தச் சட்டையும் அப்படித்தான். அவன் போடுவது ஒரே மாதிரி மூன்று பனியன். வெளுத்து, நைந்து, வலை மாதிரி ஆனவை. அதைத்தான் தினமும் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன்.

போன வருஷமே டாக்டரிடம் காட்டினோம். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, அது ஒன்று. அதோடு தொடுவது, சத்தம், வெளிச்சம் எல்லாம் நமக்குத் தெரிவதைவிடப் பத்து மடங்கு அவனுக்குத் தெரிகிறது என்றார். “அடம் இல்லைம்மா. நமக்குத் துணி. அவனுக்கு அது உப்புத்தாள்” என்றார். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். ஊஞ்சலில் ஆட வைக்கிறார்கள், மணலில் கையை விடச் சொல்கிறார்கள். முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. சிரிப்பாணி பொங்குகிற மாதிரி ஏதாவது சொல்வான். வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவு இல்லை, அதை நம்புங்கள்.

சிக்கல் ஜூனில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்குச் சீருடை கட்டாயம். வெள்ளைச் சட்டை, காலர், பட்டன். பாலர் வகுப்பில் பனியனோடு விட்டார்கள், இனி விடமாட்டார்களாம். “முதல் வாரத்துல சீருடையோட ஒரு காலை முழுக்க உட்காரட்டும். முடியலைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அவனுக்குப் பள்ளிக்கூடம் போக அவ்வளவு ஆசை. மேல்வீட்டுப் பையன் ஒருவன்தான் சிநேகிதன், அவனும் அதே வகுப்பு. ஒரு சட்டையால் பிள்ளை வீட்டில் நின்றுவிடுவானோ என்று எனக்கு வேறு நினைப்பே இல்லை.

உங்களிடம் சொல்லாதது என் யோசனை இல்லை. “அக்காகிட்ட மட்டும் சொல்லாதே” என்றார் உங்கள் தம்பி. ஏன் என்று கேட்டால் ‘ம்’ என்றார். பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று நீங்கள் நினைப்பீர்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

உங்கள் கைகள் கோணாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 20

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளைக்கு அடிபடவில்லை என்று முதல் வரியிலேயே எழுதினாயே, அதற்காகவே உனக்கு நூறு வயது. மூச்சு வந்தது.

திட்ட வேண்டியதை முதலில் திட்டிவிடுகிறேன். என்னை என்னவென்று நினைத்தாய்? நீ வளர்த்த லட்சணத்தை எடை போட நான் யார்? உன் புருஷனுக்குத் தனியாக இருக்கிறது. ‘அக்காகிட்ட மட்டும்’ என்றால் என்ன அர்த்தம் என்று அவனையே எழுதச் சொல். திட்டு முடிந்தது.

இப்போது நான் பண்ணின கூத்தைக் கேள். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில், அவனுக்கு வைத்த மாதிரியே கேன்வாஸ் வைத்து, லேபிள் அடித்து, கஞ்சி போட்டு ஒரு காலர் மட்டும் தைத்தேன். என் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் அக்காவுக்கு என்ன, நாய்க்குட்டி வேஷமா என்று கேட்டார்கள். காஜாக்காரி சிரித்து சிரித்து ஊசியைத் தொலைத்தாள். பதினோரு மணிக்கு அரிக்க ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பிய்த்துப் போட்டுவிட்டேன். லேபிள் முனை பட்ட இடத்தில் இன்னும் தடிப்பு இருக்கிறது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் காலர் வைக்கிறேன், ஒரு நாள் நான் போட்டுப் பார்த்தேனா? வெளியே எப்படித் தெரியும் என்பதற்கே தைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவனை நினைத்ததே இல்லை. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது தங்கச்சி.

சரி, வேலையைப் பார்ப்போம். மூன்று பனியனில் ஒன்றை எனக்கு அனுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடைத் துணியையும் அனுப்பு. எந்த இடத்தில் முதலில் கை வைத்துப் பிறாண்டுகிறான், தண்ணீர் பட்டால் பொறுப்பானா, இறுக்கம் பிடிக்குமா தொளதொளப்பு பிடிக்குமா, எல்லாவற்றையும் எழுது. இந்தத் தடவை வெயிலைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

நீ நேரத்துக்குத் தூங்கு. அவன் கன்னத்தில் ஒரு முத்தம், பொறுப்பானென்றால்.

உன் அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்துத் தடிப்பு போய்விட்டதா? நாய்க்குட்டி வேஷத்தை அவனிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னை நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்தான்.

பனியனை எடுத்ததும் வீட்டில் ஒரு பிரளயம் வந்தது. கொடியில் இரண்டுதான் காய்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டான். சாப்பாடு இல்லை, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே அழுகை. கடைசியில் உண்மையைச் சொன்னேன். “அத்தைக்கு அனுப்பியிருக்கேன். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் உனக்கு எப்படித் தைக்கணும்னு கத்துக்கப் போறாங்க” என்றேன்.

“அத்தைக்குத் தெரியாதா?”

“தெரியாதுடா.”

“பாவம்” என்றான். அதோடு அழுகை நின்றுவிட்டது.

பனியனைப் பார்த்து நீங்கள் தைத்து அனுப்பிய முதல் சீருடைச் சட்டையை நேற்றுப் போட்டோம். முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் காதில் வைத்தான். பிறகு போட்டுக்கொண்டான். பதினோரு நிமிஷம் அண்ணி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான். வீசவில்லை, கொடுத்தான். பட்டன் நெஞ்சில் ஜில்லென்று படுகிறதாம். அதைவிட, “சட்டை சத்தம் போடுது” என்றான். என்ன சத்தம் என்றால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அக்குள் பக்கம் மட்டும் இரண்டு தடவை தேய்த்தான், மற்ற இடத்தில் கை போகவில்லை. தொளதொளவென்று இருந்தால் பிடிக்கவில்லை, உடம்போடு ஒட்டி இருந்தால் பேசாமல் இருக்கிறான்.

நீங்கள் சொன்னதை உங்கள் தம்பியிடம் வரி விடாமல் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைத்தார். சுத்தமாக இருந்த சைக்கிள்.

நல்ல செய்தியோடு அடுத்த கடிதம் எழுத ஆசை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி


மே 25

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு என்ன, ஓடுகிறது. நீங்கள் திடமாக இருந்தால் போதும்.

சட்டை சத்தம் போடுகிறது என்றானா? ஒரு நாள் மதியம் கடைக்கதவைச் சாத்தி, மெஷினை நிறுத்தி, காஜாக்காரியை வாயை மூடச் சொல்லிவிட்டு, அந்தச் சீருடைத் துணியைக் காதருகில் வைத்துத் தேய்த்தேன். பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு. சர், சர் என்கிறது. புதுத்துணியில் ஏற்றின பசை. கையைத் தூக்கினால் அக்குளில் சர், இறக்கினால் சர். நாள் முழுக்க ஒருத்தர் காதில் இப்படி முணுமுணுத்தால் எனக்கே பைத்தியம் பிடிக்கும்.

பதினாலு தடவை துவைத்தேன். பனியனையும் அதையும் மாறி மாறிக் காதில் வைத்துப் பார்த்தேன். பதினாலாவது தடவை துணி வாயை மூடிக்கொண்டது.

இப்போது அனுப்புகிற சட்டையைப் பார். தையல் எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே கையை விட்டால் ஓர் இடத்திலும் தட்டாது. வெளியே தெரியாமல் அதே துணியில் மெல்லிய பட்டி வைத்து மூடியிருக்கிறேன், தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் அழகுக்கு வைத்தது என்றுதான் நினைப்பார். காலருக்குள் ஒன்றும் இல்லை, துணி மட்டும். பட்டன் வெளியே பேருக்கு. உள்ளே துணி நாடாதான் முடிச்சு. பாக்கெட் இல்லை. லேபிள் இல்லவே இல்லை.

போடு போடு என்று பின்னால் துரத்தாதே. பனியனோடு சேர்த்துக் கொடியில் போட்டு வை. அவனாக எடுக்கட்டும். எடுக்கவில்லை என்றால் குறை சட்டையில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. இன்னொன்று தைப்பேன்.

இது சீருடை சீசன். அறுபது சட்டை வெட்டாமல் கிடக்கிறது. காஜாக்காரி என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. அதை விடு. உன் புருஷன் இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

தைரியமாக இரு.

உன் அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமா? நாங்கள் எல்லோரும் ரொம்ப சௌக்கியம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

கொடியில் ஐந்து நாள் கிடந்தது. ஆறாம் நாள் அவனாக எடுத்துக் காதில் வைத்தான். “இது பேசலை” என்றான். போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான். நான் சமையலறையில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பள்ளி திறந்த அன்று சட்டையோடு கிளம்பினான். வாசல் வரை கெட்டிக்காரனாக வந்தான். அப்போது பார்த்து மணி அடித்தது. தலைக்கு மேலேயே கட்டியிருக்கிற மின்சார மணி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினான். சட்டையை உருவிப் போட்டுவிட்டு என் காலுக்குள் புகுந்துகொண்டான். அத்தனை பெற்றோரும் பார்க்கிறார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தலைமை ஆசிரியை குனிந்து சட்டையை எடுத்தார். உதறினார். உள்ளே கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார்.

“இதை யார் தச்சது?”

“அவன் அத்தை.”

“எதுக்கு இப்படி?”

நான் எப்போதும் சொல்கிற மாதிரி கொஞ்சம் துருதுரு, சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது, பனியன், கழுத்து ரத்தம், நீங்கள் பதினாலு தடவை துவைத்தது எல்லாம்.

“சேர்க்கிற படிவத்துல இதை எழுதலையே?”

“எழுதியிருந்தா சேர்த்திருப்பீங்களாம்மா?”

அவர் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். “நாளைக்கு மணி அடிச்சுப் பத்து நிமிஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க” என்றார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, பெண் குழந்தையைக் கையில் பிடித்தவர், சட்டையைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாளிலிருந்து பத்து நிமிஷம் கழித்துப் போகிறோம். அந்த வாரமே ஒரு காலை முழுக்கச் சட்டையோடு இருந்துவிட்டான். இடம் நிலைத்துவிட்டது அண்ணி. சாயங்காலம் கடைசி வகுப்பில் மட்டும் பனியனோடு இருக்கலாம் என்று மிஸ் சொல்லிவிட்டார். வருகைப் பதிவேட்டை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது அவன் வேலை. உட்கார்ந்தால்தானே எழுந்து ஓட முடியும், அதற்காக உட்கார்ந்திருக்கிறான்.

உங்கள் தம்பி நான்கு நாளாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். நான் எட்டிப் பார்த்தால் மூடிக்கொள்கிறார்.

உங்கள் இரண்டு கைக்கும் என் முத்தம்.

உங்கள் தங்கச்சி


ஜூன் 22

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இரு. கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் விட்டுவிடு.

ஏன் உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றேன் என்று கேட்டாய். பையனைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதான்.

அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. உனக்குப் பதினேழு. எனக்குச் சட்டை தைக்க என்றுதான் நீ தையல் கற்றுக்கொண்டாய். முதல் சட்டையைப் போட்டதும் முதுகில் ஆயிரம் எறும்பு ஓடியது. நீ பட்டனை மாட்டிவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாய். அந்த முகத்தைப் பார்த்து யார்தான் சொல்வார்கள்? நல்லா இருக்குக்கா என்றேன். அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தெரு திரும்பியதும் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வரும்போது மறுபடி சரிபண்ணிக்கொள்வேன். நீ கடை போட்டபின் அடித்த லேபிளைக் காம்பஸ் முனையால் பிரிப்பேன். நூல் சரியில்லை என்று நீ நூல்கடைக்காரனிடம் சண்டைக்குப் போனாய். கல்யாண போட்டோவில் ஏன்டா உம்மென்று நிற்கிறாய் என்று இன்னும் கேட்கிறாய். அந்தக் காலர்தான். பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அவள் வீட்டில் ஒரு வருஷம் சந்தேகப்பட்டார்கள்.

பையன் உன் சட்டையை வீசினபோது அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் முப்பது வருஷமாகச் செய்ய முடியாததை அவன் நாலு நிமிஷத்தில் செய்துவிட்டான் என்று தோன்றியது.

டாக்டரிடம் என்னைக் காட்டவில்லை. எனக்கு இருப்பதற்கு என்ன பெயரோ தெரியாது. பட்டறையில் சத்தம் ஒரே மாதிரி இருக்கும், அதனால் அங்கே எனக்குப் பிடிக்கும்.

அவன் போடுகிற சட்டைக்குள் நேற்றுக் கையை விட்டுப் பார்த்தேன். எடுக்க மனசு வரவில்லை.

அக்கா, எனக்கும் அதே மாதிரி ஒன்று தைத்துத் தா.

தம்பி


ஜூலை 1

அடப்பாவி தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை, நன்றாகவும் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை வருஷம் கேட்டதற்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது.

கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். சிரித்தேன். அப்புறம் ஓ என்று அழுதேன். ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக் காஜாக்காரி தண்ணீர் கொண்டு வந்தாள். என் தம்பி பேசிவிட்டான்டி என்றேன்.

கோபமா என்று கேட்டால் கோபம்தான். அந்த நூல்கடைக்காரனிடம் நான் என்னவெல்லாம் பேசினேன், அவர் இப்போது உயிரோடுகூட இல்லை. திட்டுவதற்கு நாலு தாள் எடுத்து வைத்தேன். எழுத உட்கார்ந்தால் எட்டு வயசுப் பிள்ளை தெரு முனையில் நின்று சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் கண்ணுக்குள் வருகிறது. யாரைத் திட்டுவது? எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நீ முதுகை எறும்புக்குக் கொடுத்தாய். நீ ‘நல்லா இருக்குக்கா’ என்றதை நம்பி, அடுத்ததில் இன்னும் கொஞ்சம் கஞ்சி சேர்த்தேன்.

ஜூலை கடைசியில் சீசன் முடிகிறது. மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். பழைய அளவு வேண்டாம், அதைக் கிழித்துவிட்டேன். துணியை இப்போதே துவைக்க ஆரம்பித்துவிட்டேன், இன்றோடு நாலு தடவை. அளவு எடுக்கும்போது எங்கே குத்துகிறது, எங்கே உறுத்துகிறது என்று நீ வாய் திறந்து சொல்ல வேண்டும். ‘ம்’ சொன்னால் நாடாவைச் சுருட்டி வைத்துவிடுவேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் உன் பிள்ளையைக் கேட்டுக்கொள்.

அக்கா